மேலே ஊற்று, கீழே ஊர், நடுவே யார்?

(தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகங்கள்: விடுதலைப் பயணம் 17:3-7, உரோமையர் 5:1-2, 5-8, யோவான் 4:5-42)

 

இன்றைய நற்செய்தியில் இயேசு நடந்து களைத்துப்போய் ஒரு கிணற்று ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நண்பகல் நேரம். நல்ல வெயில். ஒரு சமாரியப் பெண் குடத்தோடு வருகிறார். ஆண்டவர் அவரிடம் பேசிய முதல் வார்த்தை என்ன? போதனையா? கண்டிப்பா? இரண்டும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். வாழ்வு தரும் தண்ணீரைக் கொடுக்க வந்தவர், முதலில் சாதாரணத் தண்ணீருக்குக் கை நீட்டுகிறார். முதல் வாசகத்திலும் தாகம்தான். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் மோசேயிடம் முறையிடுகிறார்கள். தங்களுக்காக மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகளும் கால்நடைகளும் தாகத்தால் சாக வேண்டுமா என்று கேட்கிறார்கள். தண்ணீர் என்று பேச்சு வந்தாலே பிள்ளைகளின் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த வாசகங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று உங்களுக்கு ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சியைச் சொல்லப் போகிறேன். எங்கள் பங்கில் நடந்தது. கற்பிக்கப் போனவன் நான். கற்றுக்கொண்டு வந்தவனும் நான்தான்.

ஆண்டுதோறும் மார்ச் 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாள். ஐக்கிய நாடுகள் சபை 1993 முதல் இதைக் கடைப்பிடித்து வருகிறது. கடந்த ஆண்டு அந்த நாளையொட்டி எங்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். தலைப்பு, 'நீரைச் சேமிப்போம்'. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் வரைந்தார்கள். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே படம். சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு குழாய். அதன் கீழே ஒரு வாளி. அதன் பக்கத்தில், குழாயை மூடு என்று ஒரு வாசகம். சுவரொட்டிகளிலும் புத்தகங்களிலும் பார்த்த படத்தை அப்படியே வரைந்திருந்தார்கள். நானும் மகிழ்ச்சியாக மூன்று பரிசுகளைக் கொடுத்தேன்.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் வேறு மாதிரி வரைந்திருந்தாள். ஒரு பாறை. பாறைக்கு அடியில் சின்னதாக ஒரு ஊற்று. சுற்றிலும் முள்வேலி. வேலிக்கு வெளியே வரிசையாகக் குடங்கள். அவ்வளவுதான். நான் அவளிடம், “குழாய் எங்கேம்மா?” என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், “எங்க ஊர்ல குழாய் இல்லீங்க சாமி. இல்லாத குழாயை எப்படிங்க மூடறது?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்குப் பரிசு கொடுக்கவில்லை.

மறுவாரம் எங்கள் ஆசிரியை ஒருவர் அந்தப் பிள்ளையின் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று எண்ணி வரும்படி பிள்ளைகளிடம் சொன்னார். குடத்துக்கு 15 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். பல வீடுகளில் ஐந்து பேருக்கு ஏழு குடம். அதாவது 105 லிட்டர். ஆளுக்கு 21 லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஐந்து பேர் வீட்டுக்குப் பதினெட்டுக் குடத்துக்கு மேல் வேண்டும். இந்த ஏழு குடத்திலேயே குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆட்டுக்குட்டிக்கு வைக்கவும் பழகிய பிள்ளையிடம் போய் நான், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். பட்டணத்து வீட்டில் பழைய ஃபிளஷ் தொட்டியை ஒரு தரம் இழுத்தால் சுமார் 10 லிட்டர் போய்விடுகிறது. சிக்கனத்தை யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

அன்பார்ந்தவர்களே, நான் குழாயை மூட வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய் இருக்கிற வீட்டில் அதை மூடத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். நாம் குடிக்கிற தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? நம்மைத் தாண்டி அது யாரிடம் போகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிள்ளைக்குச் சிக்கனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியையும் அங்கேதான் தொடங்கினார். அவர் செய்து காட்டிய மூன்று சோதனைகளைச் சொல்கிறேன். செலவு அதிகம் இல்லை. வானொலி கேட்கும் ஆசிரியர்களும் மறைக்கல்வி நடத்துகிறவர்களும் குறித்துக்கொள்ளலாம்.

முதல் சோதனைக்கு இரண்டு பழைய எண்ணெய் கேன்களை நீளவாக்கில் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஒன்றில் வெறும் மண். இன்னொன்றில் புல்லோடு பெயர்த்து எடுத்த மண்ணும் மேலே கொஞ்சம் சருகும். இரண்டையும் மலைச்சரிவு மாதிரி சாய்த்து வைத்து, ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் தெளித்தார்கள். வெறும் மண்ணில் விழுந்த தண்ணீர் சேற்றோடு சடசடவென்று கீழே ஓடிவந்துவிட்டது. புல்லும் சருகும் இருந்ததில் தண்ணீர் மெதுவாக, தெளிவாக, வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. “டீச்சர், இதுதான் ஊத்து!” என்று ஒரு சிறுவன் கத்தினான். அவன் சொன்னது சரி. மழையைப் பிடித்து வைத்து, கோடையில் சிறுகச் சிறுகக் கொடுப்பது காடு. நம் மலையில் காட்டைக் காப்பதுதான் தண்ணீரைச் சேமிப்பது. நெருப்பு வைக்காத சரிவும் வெட்டாத மரமும்தான் நம்முடைய தொட்டி.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரித் தெளிவு. எது நல்ல தண்ணீர் என்று கேட்டார் ஆசிரியை. இரண்டும் நல்ல தண்ணீர்தான் என்றார்கள் பிள்ளைகள். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் ஒன்று உப்பு. கரைந்துபோன உப்பு கண்ணுக்குத் தெரியாது. உப்பையாவது நாக்கு காட்டிக்கொடுக்கும். கிருமியைக் கண்ணும் காட்டாது, நாக்கும் காட்டாது. “தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு, எங்க தாத்தா காலத்திலிருந்து குடிக்கிறோம்” என்று நாம் சொல்கிறோமே, அதற்குப் பதில் இந்த டம்ளரில் இருந்தது.

மூன்றாவது சோதனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கிராமங்களில் குடிநீரைச் சோதிக்க ஒரு பரிசோதனைப் பெட்டி கொடுக்கிறார்கள். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தில் உள்ள ஏற்பாடு. அந்தப் பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் உண்டு. அதில் குறித்த அளவுக்குத் தண்ணீர் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்று இரண்டு நாள் வைக்க வேண்டும். தண்ணீரில் மலக் கழிவு கலந்திருந்தால் அது கறுத்துவிடும். கலக்கவில்லை என்றால் கறுக்காது. படிக்கத் தெரியாதவர்கூடப் புரிந்துகொள்ளலாம். கறுப்பு என்றால் கொதிக்க வைக்காமல் குடிக்காதே என்று பொருள்.

எங்கள் கோவில் வளாகத்துக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஒரு ஓடையாக வளாகத்தின் ஓரமாக இறங்கி, கீழே ஒரு சிற்றூருக்குப் போகிறது. அந்த ஊரார் ஓடை தேங்கும் ஒரு குழியில் மொண்டு குடிக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் நம் சபையைச் சேராதவர்கள். பிள்ளைகள் ஊற்றுக்கண்ணில் ஒரு பாட்டிலும் கீழே அந்தக் குழியில் ஒரு பாட்டிலும் பிடித்து வந்து வகுப்பறை அலமாரியில் வைத்தார்கள். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அலமாரிக்கு முன் கூட்டம். மேலே பிடித்தது அப்படியே இருந்தது. கீழே பிடித்தது கறுத்திருந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் உடனே, “மாடு மேய்கிறது இல்லையா, அதனால்தான்” என்றேன். குழாய் இல்லாத படம் வரைந்த அதே பிள்ளை சொன்னாள்: “மாடு மேலயும்தாங்க சாமி மேயுது. மேல கறுக்கல, கீழதான் கறுத்திருக்கு. நடுவுல என்ன இருக்குங்க?”

நடுவில் என்ன இருக்கிறது? நடுவில் கோவில் இருக்கிறது. பங்கு இல்லம் இருக்கிறது. திருவிழாவுக்கு வருகிறவர்களுக்காகக் கட்டிய கழிப்பறைகள் இருக்கின்றன.

அன்று மாலை நானும் ஆசிரியையும் நான்கு பிள்ளைகளும் ஓடையோரமாகவே நடந்தோம். கழிப்பறைக் குழி பல ஆண்டுகளுக்கு முன் வெட்டியது. மண் ஆழமாக உள்ள இடமாக இருந்தால் மண் வடிகட்டும். எங்கள் குழி பாறைமேல் இருந்தது. பாறை வெடிப்பு வழியாக அழுக்கு நேரே ஓடைக்குக் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, போன திருவிழாவில் அசனம் சாப்பிட்ட தட்டுகளும் பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட கப்புகளும் ஒரு பள்ளத்தில் கிடந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அது எனக்குத் தெரியும். திருவிழா அவசரத்தில் கண்டுகொள்ளவில்லை. மழை வந்தால் அந்தப் பள்ளமும் ஓடையில்தான் வழியும்.

அன்பர்களே, எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 34ஆம் அதிகாரத்தைக் கிறிஸ்து அரசர் பெருவிழாவில் வாசிக்கிறோம். ஆண்டவரே தம் ஆடுகளை மேய்ப்பார் என்ற அருமையான பகுதி. அந்த ஞாயிறு வாசகம் 17ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. நானும் எத்தனையோ முறை அதோடு நிறுத்தி மறையுரை சொல்லியிருக்கிறேன். அன்று இரவு 18, 19ஆம் வசனங்களைப் படித்தேன். கொழுத்த ஆடுகளைப் பார்த்து ஆண்டவர் கேட்கிறார்: தெளிந்த நீரை நீங்கள் குடித்தீர்கள், அது போதாதா? மிச்சமிருப்பதைக் காலால் கலக்க வேண்டுமா? என் மற்ற ஆடுகள் நீங்கள் கலக்கியதையா குடிக்க வேண்டும்? இதுதான் அந்த வசனங்களின் பொருள். அந்த ஆடு நான்தான் என்று எனக்குப் பட்டது. மேலே தெளிந்த ஊற்றில் நான் குடிக்கிறேன். கீழே உள்ளவர்களுக்கு நான் கலக்கியது போகிறது.

இது எங்கள் ஓடைக்கு மட்டும் உரிய கதை இல்லை. ஓடையோடு கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். நம் ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு சமவெளியில் இறங்கி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. மலையின் வடபக்கத்து நாகநதியும் பாலாற்றுக்கே போகிறது. அந்தப் பாலாற்றுக்கு என்ன நேர்ந்தது? வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டன. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30 அன்று, அதே வேலூர்ப் பகுதித் தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று ஒன்றாம் வகுப்பில் படித்த பிள்ளை இன்று தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார். ஒரு தலைமுறை போய்விட்டது. ஆற்றைக் கெடுக்க அத்தனை காலம் தேவைப்படவில்லை. திருத்தத்தான் இத்தனை காலம் ஆகிறது.

தோல் தொழிற்சாலையைக் குறை சொல்லிக் கைதட்டல் வாங்குவது எனக்கு எளிது. நம் மலையில் தோல் தொழிற்சாலை இல்லையே! ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி என்னை விடவில்லை. நடுவில் என்ன இருக்கிறது? ஒவ்வொருவரும் யாருக்கோ மேலே இருக்கிறோம். நம் வீட்டு ஜலதாரைக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது. நம் ஊருக்குக் கீழே ஓர் ஊர். இந்தத் தலைமுறைக்குக் கீழே அடுத்த தலைமுறை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலைத் தந்தார். பாதுகாப்பான குடிநீர் கிடைப்பது மனிதரின் அடிப்படை உரிமை என்று அதில் தெளிவாகச் சொன்னார். ஏழைகளுக்கு அது கிடைக்காமல் இருப்பது அவர்களுடைய வாழும் உரிமையையே மறுப்பது என்பது அவருடைய போதனை. சூழலியல் மனமாற்றம் என்ற சொல்லையும் அதில் அழுத்தமாக வைத்தார். மனமாற்றம் என்றால் தவக்காலத்தில் நமக்குத் தெரிந்த சொல்தான். பாவத்தை உணர வேண்டும். அறிக்கையிட வேண்டும். பரிகாரம் செய்ய வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒப்புரவு இல்லை என்று குழந்தைகளுக்கு முதல் நற்கருணை வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். தண்ணீருக்கு எதிராகச் செய்த பாவத்துக்கும் அதே வழிதான்.

பங்குப் பேரவையைக் கூட்டினேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு பெரியவர், நல்ல மனிதர், கோவிலுக்காக உழைத்தவர், என்னிடம் மெல்லச் சொன்னார்: “சாமி, குழியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம். வெளியே சொன்னால் கோவிலுக்குத்தானே கெட்ட பேர்?” உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அதுவே சரி என்று தோன்றியது. ஆனால் பாட்டில் கறுத்ததைப் பார்த்தவர்கள் பிள்ளைகள். நாம் மறைத்தால், தண்ணீரைப் பற்றி இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சும்மா என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். சுற்றுச்சூழலை எல்லா வகுப்புகளிலும் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. பாடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. பிள்ளைகள் நம்புவது மட்டும் பெரியவர்கள் செய்வதைத்தான்.

கடைசியில் பேரவை ஒத்துக்கொண்டது. அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வேண்டாம் என்று முடிவானது. அந்தப் பணத்தில், ஓடைக்கு எதிர்ப்பக்கம், மண் ஆழமாக உள்ள இடத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டினோம். பழைய குழியைச் சுத்தம் செய்து மூடினோம். அசனத்துக்கு மந்தாரை இலைத் தட்டு. தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர். கழுவுகிற தண்ணீர் ஓடைக்குப் போகாமல் வாழைக்குப் போகிறது. அன்பியத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கழுவினார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. கீழே உள்ள ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஊர்க் கவுண்டரிடம் முதலில் சொன்னேன். பிறகு வீடு வீடாகப் போனோம். இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், கெடுத்தது நாங்கள், சரி செய்கிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். சிலர் கோபப்பட்டார்கள். கோபப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கில் பேரனைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஓடிய ஒரு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆண்டவருக்கு நன்றி. அது எங்கள் குழியால் வந்ததா, வேறெதனாலாவதா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாது என்பதில் ஒளிந்துகொள்ள நான் விரும்பவில்லை. பாட்டி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்பு. “குடிங்க சாமி. ஏறி இறங்கி வந்திருக்கீங்க. பேரனுக்குன்னு கொதிக்க வச்சது, பயப்படாம குடிங்க” என்றார்.

அந்தச் சொம்பைக் கையில் வாங்கியபோதுதான் இன்றைய நற்செய்தி எனக்குப் புரிந்தது. கிணற்றருகே இயேசு அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அவருக்கு எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போகவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினார். நான் செய்ததையெல்லாம் எனக்குச் சொன்ன ஒருவரை வந்து பாருங்கள் என்றார். தன்னைப் பற்றிய உண்மை வெளியே வந்ததை நற்செய்தியாகவே அவர் எடுத்துக்கொண்டார். அன்று யூதர்களும் சமாரியர்களும் ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் குடிக்காதவர்கள். தண்ணீரைக் கேட்டு வாங்கியதால் அந்தச் சுவர் விழுந்தது. எங்கள் பங்கில், நான் செய்ததை எனக்குச் சொன்னது நான்காம் வகுப்புப் பிள்ளை. தண்ணீர் கொடுத்தது நான் கெடுத்த ஓடைக்குக் கீழே இருந்த பாட்டி.

இப்போது என்ன நிலை என்று கேட்பீர்கள். பிள்ளைகள் மாதம் ஒரு முறை அதே இரண்டு இடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். முதல் முறை கீழ்த் தண்ணீர் மறுநாள் காலையிலேயே கறுத்தது. போன மாதம் இரண்டாம் நாள் மாலைதான் கறுத்தது. கறுக்க நேரம் ஆகிறது என்றால் கழிவு குறைந்திருக்கிறது என்று ஆசிரியை சொல்கிறார். இன்னும் கறுக்காமல் இருக்கவில்லை. பாறை வெடிப்பில் ஊறியது மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அதுவரை அந்த ஊரில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள். அதற்கான விறகுச் சுமை அந்தப் பெண்களின் தலையில்தான் ஏறுகிறது. அதையும் நான் மறக்கவில்லை. விறகில் ஒரு பங்கு எங்கள் வளாகத்துச் சுள்ளியிலிருந்து போகிறது.

நம்பிக்கை இல்லாமல் பேசவில்லை. நாகநதியை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த அந்த ஆற்றில், ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் உறைகிணறுகள் இறக்கினார்கள். சரிவுகளில் கல் தடுப்புகள் போட்டார்கள். மழைநீர் ஓடிப் போகாமல் நிலத்துக்குள் இறங்கியது. ஆற்றில் மறுபடியும் தண்ணீர் வந்தது. 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் பேசியபோது இந்த ஆற்றைக் குறிப்பிட்டார். நம் மலையடிவாரத்து அம்மாக்கள் மண்வெட்டியால் செய்த வேலை அது. கெட்டது திரும்பி வரும், நாம் திரும்பினால்.

ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, மறைக்கல்வி நடத்தும் இளைஞரே, இந்தத் தவக்காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளை ஒரு நாள் வகுப்பறைக்கு வெளியே கூட்டிப் போங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீர் பிறக்கும் இடம் வரை நடங்கள். ஊற்றோ, ஆழ்துளைக் கிணறோ, மேல்நிலைத் தொட்டியோ, அதைக் கண்ணால் பார்க்கட்டும். பிறகு உங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர் போகும் வழியில் கீழே நடங்கள். அது எந்த ஊரில் யார் வாசலில் முடிகிறது என்று பார்க்கட்டும்.

தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஊராட்சியில் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். வரும் முடிவு எதுவானாலும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். கறுத்தால் தண்ணீர் நன்றாகக் கொதித்துக் குமிழி விட்ட பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஆறவைத்து, மூடி வையுங்கள். மொள்ளக் கைப்பிடி உள்ள செம்பு வையுங்கள். கை உள்ளே போக வேண்டாம்.

பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பதில் நம்மைக் குற்றவாளி ஆக்கினாலும் சொல்லுங்கள். “நடுவில் என்ன இருக்கிறது” என்று கேட்கிற பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்துவிடாதீர்கள். அப்படி உட்கார வைக்கத்தான் நானும் இருந்தேன்.

திருப்பலியில் காணிக்கை நேரத்தில் குரு கிண்ணத்து இரசத்தில் சில துளி தண்ணீர் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். முப்பது ஆண்டுகளாகச் செய்கிறேன். குருமடத்தில் அதன் பொருளையும் படித்தேன். இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் இணைவதன் அடையாளம் அது. இப்போது அந்தச் சின்ன ஜாடியை எடுக்கும்போதெல்லாம், இது எந்த ஊற்றுத் தண்ணீர், கீழே இன்று என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்ற நினைவு கூடவே வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் செபம்தான்.

பரிசு கொடுக்காத அந்தப் படத்தை ஆசிரியையிடம் கேட்டு வாங்கி, கோவில் அறிவிப்புப் பலகையில் மாட்டியிருக்கிறேன். ஊற்று, முள்வேலி, வரிசையாகக் குடங்கள். இந்த ஆண்டு மார்ச் 22க்கு ஓவியப் போட்டி இல்லை. பிள்ளைகள் மேலே ஊற்றைச் சுற்றி வேலி கட்டப் போகிறார்கள். கீழ் ஊர்ப் பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, கிணற்றருகே தாகத்தோடு அமர்ந்தவரே, எங்களுக்கு மேலே இருந்து வரும் நீருக்காக உமக்கு நன்றி சொல்கிறோம். எங்களுக்குக் கீழே இருப்பவர்களை மறந்ததற்காக உம் மன்னிப்பைக் கேட்கிறோம். எங்கள் பிள்ளைகளின் கேள்விகளைத் தாங்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். உம் பெயரால் சிறியவர் ஒருவருக்கு நாங்கள் கொடுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீர், அவர் பயமின்றிக் குடிக்கத் தக்கதாக இருக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.